புதுப்பிப்பு: 95 அடித்தும் நிற்காத அந்தத் தட்டல் சத்தம்

போன மாதம் கேட்டிருந்தேன், கோணேசர் கோயில் ஏற்றத்தில் என் பழைய ஜப்பான் காரில் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, 92 ஒக்டேன் பெற்றோலை விட்டு 95 ஒக்டேனுக்கு மாறலாமா என்று. பாதிப் பேர் மாறு என்றீர்கள். மாறினேன். இரண்டு டேங்க் 95 அடித்தும் சத்தம் கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை, காசுதான் போனது.

அப்புறம் உப்புவெளியில் ஒரு கராஜ்காரர் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிக் கையில் தந்தார். அடுப்படிச் சட்டியின் அடிபோல கரி. "தம்பி, பெற்றோலில் பிழை இல்லை" என்றார். எஞ்சினுக்குள்ளே கரி படிந்தால் சூடு கூடி, எரிபொருள் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும், அதுதான் அந்தச் சத்தம்; ஒக்டேன் என்பது அதைத் தாங்கும் அளவுதான், பலம் இல்லை. கரியைச் சுத்தம் செய்து புது பிளக் போட்டதும் 92 இலேயே சத்தமில்லாமல் ஏறுகிறது. ஜப்பானில் 'ரெகுலர்' பெற்றோலுக்கே குறைந்தபட்சம் 89 தான், என் காருக்கு எழுதியிருப்பதும் அதுதான். டர்போ வைத்திருப்பவர்கள் கையேட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அமெரிக்கக் கையேட்டில் 87 என்றிருந்தால் பயப்பட வேண்டாம், அவர்கள் கணக்கு வேறு, நம் கணக்கில் அது 91, 92 வரும்.

சென்னையில் இருக்கும் மச்சான் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனோல் கலந்த பெற்றோல் பற்றிக் கேட்டிருந்தார். எத்தனோலுக்கு ஒக்டேன் அதிகம், ஆனால் லீற்றருக்குச் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் இந்தக் கலப்பில் மைலேஜ் ஆறேழு சதவீதம் இறங்கலாம். பழைய வண்டியென்றால் ரப்பர் குழாய்களையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.