தொழிற்பேட்டையின் காலியிடத்தில் நாட்டு மரங்கள் நடலாமா?

ஊருணிக்கரை:
காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தொழிற்பேட்டையில், சாலையோரங்களிலும் பின்புறச் சுற்றுச்சுவரை ஒட்டிய பொதுக் காலியிடத்திலும் மரம் நடுவது குறித்துச் சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. சிலர் வேண்டவே வேண்டாம் என்றார்கள். சிலர் புல்தரையும், கோனோகார்ப்பஸ் என்னும் வெளிநாட்டு அழகுமர வரிசையும் போதும் என்றார்கள். கோனோகார்ப்பஸின் மகரந்தம் மூச்சுத்தொல்லை தருகிறது, வேர் நிலத்தடிக் குழாய்களைச் சேதப்படுத்துகிறது என்று சொல்லி, குஜராத் அரசு 2023ஆம் ஆண்டிலேயே அதை நடுவதற்குத் தடை விதித்துவிட்டது. இப்போது சீமைக்கருவேலம் மட்டுமே மண்டிக் கிடக்கும் அந்த இடத்தில் புங்கு, இலுப்பை, மகிழம், சரக்கொன்றை, நாவல் ஆகியவற்றையும், அவற்றுக்குக் கீழே ஆவாரை, நொச்சி, காரை போன்ற புதர்களையும் வளர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பட்டறைக்காரர்:
ஐயா, மரத்தின் மீது எனக்கு விரோதம் இல்லை. ஆனால் கோடையில் போர் வற்றி, லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கும் நாம் கன்றுகளுக்கு எதை ஊற்றுவது? கடப்பாரையால் குத்தினால் அரையடிச் செம்மண்ணுக்குக் கீழே செம்புறாங்கல் தட்டுகிறது. பங்குனியில் சருகு குவிந்திருக்கும்போது என் வெல்டிங் பட்டறையிலிருந்து ஒரு பொறி பறந்து விழுந்தால் யார் பொறுப்பு? புதர் வைத்தால் பாம்பு வரும். இரவு ஷிப்டு முடிந்து போகிறவர்கள் அந்த வழியாகத்தான் நடக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு இடத்தில் மரம் வளர்த்துப் பசுமை வளையம் அமைக்க வேண்டும் என்பதெல்லாம் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டிய பெரிய ஆலைகளுக்கு விதிக்கப்படும் நிபந்தனை. நம்மைப் போன்ற சிறுதொழில்களுக்கு அது பொருந்தாது.

தையல்கூடம்:
அண்ணன் சொல்லும் தண்ணீர்க் கஷ்டம் எனக்கும் உண்டு. ஆனால் எங்கள் கூடத்துப் பெண்கள் மதியம் தூக்குவாளியோடு வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒட்டி உட்கார்ந்து, நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து சாப்பிடுவதை நான் தினமும் பார்க்கிறேன். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் சன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்த நோயாளிகள், செங்கல் சுவரை மட்டுமே பார்த்தவர்களைவிட விரைவாக வீடு திரும்பினார்கள் என்று காட்டியிருக்கிறார். எட்டு மணி நேரம் ஊசிமுனையையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கும் மனத்துக்கும் அந்தப் பச்சை தேவைப்படாதா?

பட்டறைக்காரர்:
அது படுத்திருக்கும் நோயாளிகளைப் பற்றிய ஆய்வு. லேத்தில் நிற்பவருக்கும் அப்படியே பொருந்தும் என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. நிழல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதற்கு ஒரு கீற்றுக்கொட்டகை போதும். பறவைகள் வரும் என்றும் கூட்டத்தில் பேசினார்கள். பறவைகள் சரணாலயமான வேட்டங்குடியில் கண்மாய் இருக்கிறது, பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டி மக்கள் இருக்கிறார்கள். இங்கே ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவில் எந்தப் பறவை தங்கும்?

ஊருணிக்கரை:
நாம் எதிர்பார்ப்பது நாரைகளையும் கூழைக்கடாக்களையும் அல்ல. தேன்சிட்டும் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வந்தாலே போதும், அவற்றுக்குச் சிறிய இடமே போதுமானது. உங்கள் பட்டறைக்குப் பின்னால் தானாக முளைத்திருக்கும் எருக்கின் இலையடியைப் புரட்டிப் பாருங்கள்: கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரியோடிய புழு இருக்கும். அதுதான் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியாகச் சிறகு விரிக்கிறது. எருக்கின் குடும்பத்துச் செடிகள் இல்லையென்றால் அந்தப் புழுவுக்கு உணவில்லை. புல்தரையோ கோனோகார்ப்பஸோ அதற்கு உதவாது. சரக்கொன்றையின் இலையைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சிகளும் இப்படித்தான்.

செம்புறாங்கல் உண்மைதான். ஆனால் இதே மண்ணில்தான் நம் பக்கத்துக் கோயில்காடுகள் நிற்கின்றன. மூன்றடிக் குழி வெட்டிக் கண்மாய் வண்டலும் மக்கிய எருவும் இட்டு, ஐப்பசியில் மழை பிடித்ததும் நட்டால், மார்கழி வரை வானமே ஊற்றிவிடும். நம் கூரைகளில் விழும் மழையை வடிகாலில் விடாமல் மர வரிசைக்கு நடுவே வெட்டிய ஆழமில்லாத வாய்க்காலில் திருப்பினால் நிலத்தடியிலும் கொஞ்சம் ஈரம் தங்கும். இரண்டு கோடைகளைத் தாண்டிய புங்குக்கு அதன்பிறகு பெரும்பாலும் கைநீர் தேவையில்லை. புல்தரைக்கோ ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் விட்டாக வேண்டும். பொறிக்குப் பயந்தால் உங்கள் பட்டறைப் பக்கம் வெறுந்தரையாகவே விட்டுவிடுவோம். பாம்பு எலியைத் தேடி வருவது. கேன்டீன் எச்சிலையும் பழைய இரும்புக் குவியலும்தான் எலியை வளர்க்கின்றன.

பட்டறைக்காரர்:
வெறுந்தரை விடுவதாக இருந்தால் மரங்களுக்கு என் எதிர்ப்பு இல்லை. ஆனால் நடைபாதை ஓரத்தில் புதர் வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். அது சுவரோரத்தோடு நிற்கட்டும். அந்த இரண்டு கோடைக்கான தண்ணீர்ச் செலவைச் சந்தாவில் ஏற்றினால் கையெழுத்துப் போடமாட்டேன்.

தையல்கூடம்:
எங்கள் கூடத்தில் கைகழுவும் தண்ணீர் இப்போது சாக்கடைக்குத்தான் போகிறது. சோப்புக் கலப்பது குறைவு. சுவரோர வரிசைக்குக் குழாய் போட்டுத் தருகிறோம்; சாலையோரக் கன்றுகளுக்கு மட்டும் சங்கம் வழி பார்க்கட்டும்.