குழம்பு கெட்டியாக ஒரு வழி சொல்லுங்கள்

இந்த வார இறுதியில் நண்பர்கள் எல்லாரும் இசைத் திருவிழாவுக்குப் போகிறார்கள். நான் போகவில்லை. பாட்டு எனக்கு உயிர். ஆனால் அந்த நெரிசலில், நெஞ்சு அதிரும் ஒலிபெருக்கிக்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்பது ஒத்துவரவில்லை. 100 டெசிபல் சத்தத்தைக் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்பதே காதுக்கு நல்லதல்ல. போன முறை போய்வந்து 2 நாள் காதில் ரீங்காரம். சரி, வீட்டிலேயே பிடித்த பாட்டைப் போட்டுக்கொண்டு, அவர்கள் திரும்பும்போது சுடச்சுடக் குழம்பு வைத்துத் தரலாம் என்றிருக்கிறேன்.

சிக்கல் அந்தக் குழம்பில்தான். சுவை நன்றாக வருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் தண்ணீராக ஓடுகிறது. வெங்காயம், தக்காளி வதக்கி, மசாலாவும் கோழியும் சேர்த்து மூடிபோட்டு வேகவைக்கிறேன். ஒருமுறை சோள மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். கெட்டியானது, ஆனால் பளபளவென்று கூழ் மாதிரி. மாவு வாசனையும் போகவில்லை. ஒருவேளை இன்னும் 2 நிமிடம் கொதிக்க விட்டிருக்க வேண்டுமோ? தயிர் விட்டபோது திரிந்துவிட்டது. மூடியைத் திறந்து வற்றவைத்தால் கறி நார்நாராகிறது, உப்பும் ஏறிவிடுகிறது.

வருகிறவர்களில் ஒருவருக்குக் கொட்டைகள் ஒவ்வாது. அதனால் முந்திரி விழுது வேண்டாம். வதக்கிய வெங்காயத்தை அரைத்துவிட்டாலே போதுமா? கறியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, குழம்பை மட்டும் வற்றவைக்கலாமா? அப்புறம், உருளைக்கிழங்கை மசித்துச் சேர்த்தவர்கள் இருந்தால் 8 பேருக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஒரு சின்னச் சட்டியில் செய்து பார்க்கப்போகிறேன்.