திங்கள் போடும் திட்டம் புதன்கிழமை வரைகூடத் தாங்குவதில்லை

புதுப்பொறுப்பு:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாக எங்கள் அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னையும் சேர்த்து 11 பேர். இதற்கு முன் அதே பிரிவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன்தான், அதனால் வேலை தெரியாது என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு திங்களும் அரை மணி நேரம் முன்பே வந்து எக்செலில் வாரத் திட்டம் போடுகிறேன். யார், என்ன, எப்போது எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். முடிந்தது பச்சை, நிலுவை மஞ்சள், தாமதம் சிவப்பு. செவ்வாய் மதியம் வரை பார்க்க அழகாக இருக்கும், வியாழன் வந்தால் அந்தக் கோப்பைத் திறக்கவே மனம் வராது.

போன புதன் நடந்ததைச் சொல்கிறேன். மாத அறிக்கைக்காக நாள் முழுவதையும் ஒதுக்கி வைத்திருந்தேன். 9.40க்கு ஒருவர் வந்து பிரிண்டரில் டோனர் தீர்ந்துவிட்டது, புதுசு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், மீட்டிங் அறையை ஒரே நேரத்துக்கு இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு தரப்பும் வாசலில் நிற்கிறது. அப்புறம் ஒரு சின்ன பில், என் கையெழுத்து இல்லாமல் நகராதாம். அப்புறம் போன வருட ஒப்பந்தத்தின் நகல், அதைத் தேடவே முக்கால் மணி நேரம். அறிக்கையைத் தொடும்போது மணி 4.15.

எனக்குத் திட்டம் போடத் தெரியவில்லையா? இல்லை, இதற்கென்று நல்ல ஆப் ஏதாவது இருக்கிறதா? மேலே கேட்டால் வாங்கித் தருவார்கள்.

கோப்பு அலமாரி:

ஆப் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் சொன்ன நாலையும் திரும்பப் படித்துப் பாருங்கள். டோனர், அறை, பில், ஒப்பந்த நகல். இதில் ஒன்றுகூடத் திட்டத்தின் தப்பு இல்லை. திட்டம் என்பது என்ன வேலை, எதற்குள் என்று முடிவு செய்வது. அந்த வேலை யார் கையில் இருக்கிறது, அதற்கு வேண்டியது எங்கே இருக்கிறது, எதுவரை அவரே முடிவெடுக்கலாம் என்பது ஒழுங்கமைப்பு. பிரான்சில் 30 வருடம் சுரங்க நிறுவனம் நடத்திய ஹென்றி ஃபயோல் 1916-லேயே இந்த இரண்டையும் தனித்தனி வேலையாகப் பிரித்து எழுதியிருக்கிறார். நீங்கள் முதலாவதை மட்டும் ஆறு மாதமாகத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் எக்செலில் 'யார்' என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள். எத்தனை வரியில் உங்கள் பெயர்? எத்தனை வரியில் இரண்டு பெயர்? இரண்டு பெயர் இருக்கும் வரியில் யார் பெயரும் இல்லை என்றுதான் அர்த்தம். நான் இருந்த ஓர் இடத்தில் ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வேலையை இரண்டு பேர் பெயரில் எழுதி வைத்திருந்தோம். அவர் பார்த்திருப்பார் என்று இவர், இவர் பார்த்திருப்பார் என்று அவர். ஒப்பந்தம் முடிந்து மூன்று வாரம் ஆனது யாருக்கும் தெரியவில்லை. மின்சாரம் போன அன்றுதான் தெரிந்தது. எழுதி வைத்தது நான்தான், திட்டும் நான்தான் வாங்கினேன்.

ஒரு வாரம் மேசையில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் யார் வந்தாலும் ஒரு கோடு போடுங்கள். நாலே நாலு தலைப்பு போதும்: எங்கே இருக்கிறது, செய்யலாமா, யார் செய்வது, உண்மையிலேயே புதுசு. வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

கடைசித்தேதி:

மேலே சொன்னது சரி, ஆனால் திட்டமும் தப்புதான் என்று நினைக்கிறேன். 8 மணி நேர நாளில் 8 மணி நேரத்துக்கும் வேலை எழுதி வைத்தால் ஒரு டோனர் போதும் அதைக் கவிழ்க்க. நான் 5 மணி நேரத்துக்கு மேல் எழுதுவதில்லை, மீதி தானாக நிரம்பிவிடும். இன்னொன்று, இந்த அறிக்கைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளாதீர்கள், போன மூன்று மாதம் எவ்வளவு ஆனது என்று பாருங்கள். முன்னால் பல தடவை இழுத்த வேலையைக்கூட இந்தத் தடவை சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நம்புவது மனித சுபாவம். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே அதற்குத் 'திட்டமிடல் பிழை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அறிக்கையில் உங்கள் வேலை எவ்வளவு, மற்ற பிரிவுகள் தர வேண்டிய விவரத்துக்காகக் காத்திருப்பது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் இடத்தில் எழுதுவதற்கு இரண்டரை மணி நேரம், காத்திருப்பதற்கு நாலு நாள். அதனால் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, விவரம் கேட்கும் தேதியைத்தான் திட்டத்தில் எழுதுவேன். அறிக்கை எழுதும் தேதி தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

நகல்எங்கே:

ஒப்பந்த நகலுக்கு முக்கால் மணி நேரம் என்றதும் எனக்கு வயிறு எரிந்தது. உங்கள் ஃபோல்டர்கள் ஆட்கள் பெயரில்தானே இருக்கின்றன? அங்கேதான் கோளாறு. ஆள் மாறினால் அந்த ஃபோல்டருக்குள் போக யாருக்கும் தைரியம் வராது. வேலையின் பெயரில் வையுங்கள், ஒப்பந்தங்கள், பராமரிப்பு, பில்கள் என்று. கோப்பின் பெயரில் தேதி முதலில் வரட்டும், அதுவும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில், 2024-03-15 என்பதுபோல. ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரமும் இதைத்தான் சொல்கிறது. பெயர்வாரியாக அடுக்கினாலே காலவரிசையில் வந்து நிற்கும். நாளின் எண்ணை முதலில் எழுதினால் எல்லா மாதத்து 1-ஆம் தேதிக் கோப்பும் ஒன்றாகக் கூடிவிடும்.

காகிதக் கோப்பு இருந்தால் அலமாரியில் கொஞ்சம் அட்டைகள் போட்டு வையுங்கள். கோப்பை எடுப்பவர் தன் பெயரும் தேதியும் எழுதி அந்த இடத்தில் ஓர் அட்டையைச் செருகிவிட்டுப் போக வேண்டும். எந்த ஆப்பும் இதற்கு ஈடாகாது, அட்டை கண்ணுக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கும்.

புதுப்பொறுப்பு:

கோடு போட்டுப் பார்த்தேன். மொத்தம் 43. அதில் 'எங்கே இருக்கிறது' 17, 'செய்யலாமா' 12, 'யார் செய்வது' 9. உண்மையிலேயே புதுசு வெறும் 5. எக்செலில் 26 வரி, 14 வரியில் என் பெயர். இதைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது.

'எங்கே' என்பதை வெள்ளிக்கிழமை இரண்டு பேர் சேர்ந்து பாதி முடித்துவிட்டார்கள், அலமாரிக் கதவில் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் ஒட்டியாகிவிட்டது. மீட்டிங் அறைப் பதிவு இனி ஒரே ஆள் கையில், அவரிடம் கேட்காமல் நானும் அறையைத் தரக்கூடாது என்று அவரிடமே சொல்லிவிட்டேன். ஆனால் 'செய்யலாமா' என்பதில்தான் எனக்குத் தயக்கம். பில் விஷயத்தை வேறொருவரிடம் விட்டு நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே சார்?

கோப்பு அலமாரி:

சார் இல்லை, மேடம். பரவாயில்லை.

பதில் சொல்லும் பொறுப்பு எப்போதும் உங்களுடையதுதான், அதைக் கைமாற்ற முடியாது. முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கைமாற்றலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் நம்மில் பாதிப் பேர் சின்ன பில்லுக்கெல்லாம் பேனாவைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். போன ஆறு மாதத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்ட பில்களை எடுங்கள். எத்தனையை மறுத்தீர்கள்? ஒன்றுகூட மறுக்காத வகைகள் இருக்கும், ஸ்டேஷனரி, தபால், சின்ன பழுது என்று. அந்த வகைகளுக்கு ஓர் உச்சவரம்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்குள் என்றால் அவரே பாஸ் செய்யலாம், மாதம் ஒரு தடவை நீங்கள் மொத்தப் பட்டியலை ஓட்டிப் பாருங்கள், சந்தேகமானதை மட்டும் எடுத்துக் கேளுங்கள். வரம்பை மேலிடத்திடம் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்வது உங்களுக்கு நல்லது. வாய்ச்சொல் உதவாது.

இதில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பொருளுக்கு ஆர்டர் கொடுப்பவர், வந்த பொருளை எண்ணி வாங்குபவர், பில்லைப் பாஸ் செய்பவர், இந்த மூன்றும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. யாரையும் நம்பவில்லை என்று இல்லை. மூன்றும் ஒருவரே என்றால் அவர் தெரியாமல் செய்த தப்பும் அப்படியே கடைசி வரை போய்விடும், இடையில் பிடிக்க ஆளில்லை.

கடைசித்தேதி:

அந்த 14 வரியை ஒரே வாரத்தில் காலி செய்யப் பார்க்காதீர்கள். நான் ஒரு தடவை அப்படிச் செய்து எல்லோரும் என் மேல் கோபித்துக்கொண்டார்கள், வேலையைத் தலையில் கட்டிவிட்டான் என்று. வாரம் இரண்டு வரி போதும். கொடுக்கும்போது அவர் கையில் இப்போது இருப்பதில் எதைக் குறைக்கப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதுப்பொறுப்பு:

நன்றி மேடம், நன்றி சார். இன்னும் ஒரு சின்ன சந்தேகம். அறைப் பதிவை ஒரே ஆளிடம் கொடுத்தாகிவிட்டது, அவர் லீவில் போனால் மறுபடி எல்லோரும் என்னிடம்தானே வருவார்கள்?

நகல்எங்கே:

மாற்று ஆள் பெயரைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், அது உங்கள் பெயராக இருக்கக்கூடாது. மாதம் ஒரு நாள், பொறுப்பானவர் வந்திருக்கும்போதே, அந்த மாற்று ஆள் பதிவைப் பார்க்கட்டும். லீவு நாளில்தான் முதல் தடவை பார்க்கிறார் என்றால் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பதிலேயே காலை போய்விடும்.