புதுப்பிப்பு: சுரங்கத் தேனீயும் நீல டாரன்டுலாவும்

ஐரோப்பாவில் வாழும் ஆன்ட்ரீனா ஃபுல்வா என்ற சுரங்கத் தேனீயையும், நம் பக்கத்து ஆந்திராவின் நீல டாரன்டுலா என்ற பெரிய சிலந்தியையும் ஒப்பிட்டுப் போன வாரம் எழுதியிருந்தேன். "ரெண்டும் பொந்துலதானே இருக்கு, அப்புறம் என்ன வித்தியாசம்?" என்று வியாசர்பாடித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி.

தேனீ மண்ணைத் தானே தோண்டுகிறது. பெண் தேனீ தனியாளாகச் சுரங்கம் வெட்டி, ஒவ்வொரு அறையிலும் மகரந்தமும் தேனும் சேர்த்து, ஒரு முட்டையிட்டு மூடிவிடும். வளர்ந்த குஞ்சை அது பார்ப்பதே இல்லை. அடுத்த வசந்தத்தில்தான் புதிய தேனீ வெளியே வரும். நீல டாரன்டுலாவோ மரப்பொந்தில் வாழ்வது. பொந்துக்குள் பட்டு நூலால் வலை பின்னினாலும், இரையை ஓடிப் பாய்ந்துதான் பிடிக்கும். பெண் சிலந்தி பத்து வருடத்துக்கு மேல் வாழும். தேனீயின் வாழ்வோ ஏறக்குறைய ஒரு வருடம்தான். என்னை அசத்துவது இந்த ஆயுள் வித்தியாசம்தான்.

1899இல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் போகாக் இந்தச் சிலந்தியை முதலில் விவரித்தார். அவர் பார்த்த மாதிரிச் சிலந்தி கிடைத்தது ஆந்திராவின் குத்தி ஊர் ரயில்வே மரக்கிடங்கில். அதன் உண்மையான காடு நந்தியால், கித்தலூர் பக்கம் இருப்பது 2001இல்தான் தெரிந்தது. அந்தக் காடும் விறகு வெட்டலால் சுருங்கிவருகிறது. இனம் அழிவின் விளிம்பில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் இந்தச் சிலந்தி கிடைக்குமா என்று கேட்ட அண்ணனுக்கு: தயவுசெய்து தேடாதீர்கள். பெரம்பூரில் வீட்டோரம் மண்ணில் ஓட்டைகள் பார்த்த அக்காவுக்கு: மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். காலை வெயிலில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், மண்ணில் கூடு வைக்கும் நம்ம ஊர் நீலப்பட்டைத் தேனீயா என்று பார்க்கலாம்.