கம்பி வெள்ளி வாங்குமுன் வேரைப் பாருங்கள்

இயற்கை வெள்ளி, அதாவது பாறையில் உலோகமாகவே கிடைக்கும் வெள்ளி, சேர்ப்பவர்கள் ஒருமுறையாவது நார்வேயின் கோங்ஸ்பர்க் போய்வர வேண்டும். 1623-இல் அங்கே வெள்ளி கிடைத்தது. அடுத்த ஆண்டே மன்னர் நான்காம் கிறிஸ்டியன் அங்கே ஊரை உண்டாக்கிவிட்டார். எருது ஒன்று பாறையில் கொம்பை உரசியபோது மாடு மேய்த்த பிள்ளைகள் கண்ணில் வெள்ளி பட்டது என்று கதை சொல்கிறார்கள். 1958-இல் சுரங்கத்தை மூடுவதற்குள் 1300 டன்னுக்கு மேல் எடுத்தாயிற்று. பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது. 1686 முதல் நாணயச்சாலையே அந்த ஊரில்தான், அப்புறம் சேகரிக்க மாதிரி எப்படி மிஞ்சும்?

சுரங்க ரயிலில் மலைக்குள் 2 கிலோமீட்டருக்கு மேல் போகலாம். கோடையிலும் உள்ளே குளிர், ஸ்வெட்டர் கட்டாயம். ஆனால் வெள்ளியைப் பார்க்க அங்கே போகாதீர்கள், பழைய உருக்காலையில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கால்சைட் என்னும் வெள்ளைக் கனிமத்திலிருந்து விரல் தடிமனில் சுருண்டு வரும் கம்பிகளை அங்கேதான் பார்த்தேன். வேறு சுரங்கத்து வெள்ளி எதுவும் அதற்குப் பிறகு எனக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை, மெக்சிகோவின் பட்டோபிலாஸ் தவிர. அங்கே கிடைப்பது மீன்முள் அமைப்பில் கிளை விரித்த வெள்ளி, அது வேறு அழகு.

கம்பி நுனியில் வளர்வதில்லை, அடியில்தான் வளர்கிறது. அகாந்தைட் என்னும் கறுப்பு வெள்ளி சல்பைடிலிருந்து வெள்ளி பிரிந்து, முறுக்கு அச்சில் மாவு வருவதுபோல் வெளியே தள்ளப்படுகிறது. கம்பியின் நீளவாக்கில் கோடுகள் இருப்பது அதனால்தான். அகாந்தைட்டை அடுப்பில் வைத்துச் சூடாக்கினாலும் இதே வேலை நடக்கும் என்பதுதான் வம்பு, போலிக் கம்பி அப்படித்தான் வருகிறது.

ஒரு கண்காட்சியில் அப்படிச் சந்தேகப்பட வைத்த ஒன்று என் கைக்கு வந்தது. பளபளவென்று வெள்ளை மயிர்க்கற்றை, கீழே அகாந்தைட். எந்தச் சுரங்கம் என்று கேட்டேன். விற்பவர் முதலில் ஒரு நாட்டைச் சொன்னார், கொஞ்ச நேரம் கழித்து வேறொன்றைச் சொன்னார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அகாந்தைட்டின் மேற்பரப்பு பொருமி, துளை துளையாக இருந்தது. கம்பி அத்தனையும் ஒரே நிறம், எங்கும் கறுப்போ பழுப்போ இல்லை. கம்பிகளுக்கு நடுவே ஒரு துணுக்கு கால்சைட்கூடச் சிக்கியிருக்கவில்லை. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துப் போலி என்று அடித்துச் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்து வந்ததும் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர் உடனே அதை வாங்கிக்கொண்டு போனார், பேரம்கூடப் பேசவில்லை!

பழைய சேகரிப்பிலிருந்து வரும் மாதிரி அழுக்காக, கறுத்துத்தான் இருக்கும். கூடவே எந்தச் சுரங்கம் என்று கையால் எழுதிய பழைய சீட்டு இருந்தால் நான் கூடுதலாகவே கொடுப்பேன். கறுப்பைத் தேய்த்து எடுக்காதீர்கள், நீளக்கோடுகளும் சேர்ந்து மழுங்கிவிடும். காற்றில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்கள்தான் வெள்ளியைக் கறுக்க வைக்கின்றன. ரப்பர், கம்பளித் துணி இரண்டிலும் கந்தகம் உண்டு, அதனால் அவற்றைப் பெட்டிக்குள் சேர்க்கவே கூடாது. மூடி இறுக்கமான அக்ரிலிக் பெட்டி போதும். புரூஸ்டைட் என்னும் செவ்வெள்ளித் தாதுவும் வைத்திருப்பவர்கள் அதை இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் சிவப்பு மங்கிக் கறுத்துவிடும், திரும்ப வராது.