கடல்நீர் மீன்தொட்டியில பச்சை நூல்பாசி, பிடுங்கப் பிடுங்க வருது – உதவி தேவை

கிளிநொச்சிப் பெடியன்:
மூண்டடித் தொட்டி, 180 லீற்றர். ரெண்டு நீமோ மீன், ஒரு டாம்செல் மீன், கொஞ்சம் மென்பவளம். கடல்தண்ணி முல்லைத்தீவில எடுத்தது. வெயிலுக்கு நாளுக்கு மூண்டு லீற்றர் வத்துது, அதுக்குக் கிணத்துத் தண்ணி விடுறன். லைட் காலமை எட்டில இருந்து இரவு எட்டு மட்டும். கல்லெல்லாம் பச்சை நூல்பாசி, மண்ணில கருஞ்சிவப்பா வழுக்கல் படலம். ஆனா டெஸ்ட் கிட்டில நைட்ரேட், பொஸ்பேட் ரெண்டும் பூச்சியம்! பாசிக்கொல்லி விடலாமோ?

முல்லைக்கரை:
ஊத்தாதேங்கோ. செத்த பாசி தண்ணியிலதான் அழுகும், ஒட்சிசனும் இறங்கும். கடல் நத்தை விடுங்கோ, நல்லா மேயும்.

பரந்தன் அண்ணை:
நத்தை தின்னும், தின்டதைத் திருப்பித் தொட்டிக்குள்ளதான் விடும். தம்பி, உங்கட கிணறு வயல் பக்கமோ?

கிளிநொச்சிப் பெடியன்:
ஓம் அண்ணை, வேலிக்கு அங்கால வயல்தான்.

பரந்தன் அண்ணை:
அப்ப காலபோகத்துக்குப் போட்ட யூரியா உங்கட தொட்டியில விளையுது. வத்திப் போறது வெறும் நீர் மட்டும், அதில கரைஞ்சு வந்ததெல்லாம் உள்ளதான் நிக்கும். மாசம் 90 லீற்றர் விடுறீங்கள். கிணத்தில லீற்றருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தா, மாசத்துக்கு மாசம் தொட்டியில 10 ஏறும். கிட் பூச்சியம் காட்டுறது, வாற சத்தைப் பாசி உடனயே குடிச்சு முடிக்கிறதால. தொட்டியை விட்டிட்டுக் கிணத்துத் தண்ணியைச் சோதியுங்கோ.

கிளிநொச்சிப் பெடியன்:
கிணத்தில நைட்ரேட் 25க்குக் கிட்ட. டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்புகளின்ர அளவு) 700 தாண்டுது.

பரந்தன் அண்ணை:
இனி அது கத்தரிக்குத்தான். சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து எங்கட பக்கம் கன ஊரில ஆர்ஓ தண்ணி (சவ்வால வடிச்சு உப்பெடுத்த தண்ணி) விக்கினம், வத்தினதுக்கு விட அதை வாங்குங்கோ. ஆனா டிடிஎஸ் மீற்றர் வைச்சுப் பாருங்கோ. சில இடத்தில ருசிக்கு உப்புச் சேர்க்கிறவை. 10க்குக் கீழ எண்டா நல்லது. லைட்டை எட்டு மணித்தியாலத்துக்குக் குறையுங்கோ. பாசியைக் கையால பிடுங்கி வெளியில எறியுங்கோ. அதுதான் உண்மையில தொட்டியை விட்டுப் போற சத்து. கிழமைக்குப் பத்து வீதம் தண்ணி மாத்தேக்க அந்தச் சிவப்புப் படலத்தையும் குழாயால உறிஞ்சி எடுங்கோ. அது பாசி இல்லை, சயனோபக்டீரியா. நீரோட்டம் குறைஞ்ச மூலையிலதான் படியும், பம்பை அங்க திருப்புங்கோ.

முல்லைக்கரை:
மாரிக்குள்ள கடல்தண்ணி எடுக்க வராதேங்கோ. வட்டுவாகல் முகத்துவாரம் வெட்டினா நந்திக்கடல் களப்பில சேர்ந்த மழைவெள்ளம் முழுக்க முல்லைத்தீவுக் கடற்கரைக்கு வரும். எப்ப எடுத்தாலும் உப்படர்த்தி 1.025 இருக்கோ எண்டு பாருங்கோ.

கிளிநொச்சிப் பெடியன்:
பொஸ்பேட் உறிஞ்சிற இரும்பு மணியும் போடட்டோ? வலைப்பாட்டில வளர்க்கிற கடற்பாசியில ஒரு துண்டு விட்டா?

பரந்தன் அண்ணை:
அந்தக் கடற்பாசி கடலோட்டத்தில வளர்றது, வீட்டுத் தொட்டியில அழுகிப்போகலாம். சத்தை உறிஞ்சிற கீட்டோ எண்ட பாசி கிடைச்சா, தொட்டித் தண்ணி சுத்தி ஓடுற வேற பெட்டியில விடுங்கோ. இரும்பு மணி இப்ப வேண்டாம். ரெண்டு சத்தையும் துடைச்சு எடுத்தா பவளம் வெளிறும், டைனோ எண்ட பழுப்பு வழுக்கல் நுண்ணுயிர் வந்து பிடிக்கும், அது நூல்பாசியை விடக் கரைச்சல். லீற்றருக்கு நைட்ரேட் 5, பொஸ்பேட் 0.05 மில்லிகிராம் அளவில நிண்டாப் போதும். ரெண்டு மூண்டு மாசம் எடுக்கும், இடையில ஒண்டையும் ஊத்தாதேங்கோ.