கயல்: பெயரின் பொருளும் எதுகைச் சொற்களும்

கயலின் அத்தை:
அண்ணன் மகளுக்குக் கயல் என்று பெயர் வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் தொட்டிலில் போடுகிறோம், தாலாட்டு எழுதும் பொறுப்பு எனக்கு. வயல், முயல் இரண்டோடு நின்றுவிட்டேன். பொருள் கேட்பவர்களுக்கு 'மீன்' என்பதற்கு மேல் என்ன சொல்லலாம்?

மதுரை தமிழாசிரியர்:
கயல் என்றால் கெண்டை மீன், அம்மா. பாண்டியர் கொடியில் இருந்ததும் மீன்தான். நீரில் புரண்டு மின்னுவதால் பெண்களின் கண்ணுக்கு உவமையானது. குறள் 1212 'கயலுண்கண்' என்றே தொடங்குகிறது. அடுத்த அடியில் அதற்கு எதுகை 'உயலுண்மை'. வள்ளுவரே ஒரு சொல் தந்துவிட்டார்! உயல் என்றால் உயிர் பிழைத்திருத்தல்.

அப்புறம் இயல், செயல், புயல், பெயல் இருக்கின்றன. பெயல் என்பது மழை, மீனுக்குப் பக்கத்தில் அழகாகப் பொருந்தும். காயல், பாயல் வேண்டாம். முதலெழுத்து நெடில், அளவு ஒக்காததால் எதுகை ஆகாது.

டெல்டா பொண்ணு:
ஐயா, புயல் மட்டும் வேண்டாமே. 2018 கஜாவில் எங்கள் தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்தது. தாலாட்டில் அந்தச் சொல்லைக் கேட்க மனசு வரவில்லை. இப்படிப் பாடலாமா அக்கா:
பெயல் நனைச்ச வயலோரம்
கயல் துள்ளுது கண்ணுறங்கு

கயலின் அத்தை:
இதுவே முதலடி, தங்கச்சி! அண்ணிக்குப் பாடிக் காட்டினேன், முயலும் வேண்டும் என்கிறார். அடுத்த கண்ணியில் சேர்த்துவிடுகிறேன். ஐயா, 'உயல்' பாட்டியின் வாழ்த்தாகக் கடைசியில் வரும்.